சீறும் சத்தம் எங்கிருந்து?

போர் 2009இல் முடிந்தது. ஆனாலும், திடீர்ச் சத்தம் கேட்டால் உடல் பதறும் பெண்களை எனது பணியில் இன்றும் சந்திக்கிறேன். அத்தகைய சகோதரிகள் மூவருடன் அண்மையில் கடுகண்ணாவை ஏற்றத்தால் கண்டிக்கு வந்தேன். பேராதனையில் காரை நிறுத்தியதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல். மூவரும் இறங்கித் தூர விலகி நின்றனர்.

"வாங்கோ அக்கா, எங்கேயிருந்து வருகுதென்று பார்ப்போம்" என்றேன்.

இயந்திரம் நின்றதும் ஏசிக் குழாய்களில் மெல்லிய சீறல் கேட்பதுண்டு. உள்ளே அழுத்தம் சமநிலைக்கு வந்ததும் அது அடங்கிவிடும். இது அடங்கவில்லை. முன்பக்கம் ஆவியோ, கீழே நீரோ தெரிந்தால் றேடியேற்றரைச் சந்தேகிக்கலாம். அழுத்தத்தில் இருக்கும் அந்த நீர் 100 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறியிருக்கும். சூடு ஆறுமுன் மூடியைத் திறந்தால் பீறிட்டுச் சுட்டுவிடும். இங்கு ஆவியும் இல்லை, நீரும் இல்லை. சத்தம் பின்சில்லில் கேட்டது.

பக்கத்துத் தேநீர்க் கடையில் சவர்க்கார நீர் வாங்கிப் பூசினோம். ரயரில் ஆணி ஏதும் இல்லை. காற்றடிக்கும் வால்வின் வாயில் மட்டும் குமிழிகள் எழுந்தன. ரயர் கடைக்காரர் வந்து வால்வின் உள்ஊசியை மாற்றிக் காற்றடித்தார். மூத்த அக்கா தானாகவே வந்து மறுபடி சவர்க்கார நீர் பூசினார். குமிழி எழவில்லை. "இனிப் போகலாம்" என்றார்.

சகோதரிகளே, "பயப்படாதே" என்று சொல்வதால் மட்டும் பயம் போய்விடாது. சத்தம் எங்கிருந்து, எதனால் வருகிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பெரும் துணை. அதை நம் பெண்பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.