ஒரு பிடி மா

விருந்தோம்பலைப் பற்றி எம்மவர்க்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அகதிகளாக வந்து ஓர் அறையில் ஆறு பேர் படுத்துறங்கிய நாட்களிலும், வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியவர்கள் அல்லர் நாம். இட்டதை உண்பது விருந்தினன் கடமை. தட்டைத் தள்ளிவைப்பது இட்டவரை அவமதிப்பதாகும். இந்த ஒழுங்கிலேதான் நாம் வளர்ந்தோம். ஊரில் ஆசிரியராயிருந்த காலத்தில் மாணவர்க்கும் இதனையே சொன்னோம். ஆகவே ஐம்பது வயதின் வாசலில், "இதற்குள் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று வினவிய பின்னரே வாயில் வைக்கவேண்டிய நிலை வந்தபோது, நோயைக் காட்டிலும் அந்த வினாவே எமக்குப் பெரும் பாரமாயிற்று.

2017ஆம் ஆண்டில் எமக்குச் சீலியாக் நோய் இருப்பதை இலண்டன் வைத்தியர்கள் கண்டறிந்தனர். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் புரதம் உண்டு. ரொட்டிக்கு மா குழைக்கும்போது இழுத்தால் இழுபடுகின்றதே, அந்தப் பசைத்தன்மை இதனாலேயே உண்டாவது. இந்நோய் உடையவர் அதனை உண்டால், நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்தச் சிறுகுடலையே பகையென்று கருதித் தாக்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. உண்டது உடம்பில் ஒட்டாது, குருதிச்சோகை வரும், எலும்பு நலியும். இது கச்சான் ஒவ்வாமை போன்று உடனே மூச்சை அடைப்பதன்று. இதற்குக் குளிகையும் இல்லை, ஊசியும் இல்லை. ஆயுள் முழுவதும் குளுட்டனை விலக்குவது ஒன்றே மருத்துவம்.

ஐரோப்பாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர். கோதுமை உண்ணும் வட இந்தியரிடையேயும் இது குறைவன்று. தென்னிந்தியரிடையே மிக அரிது. எம்மவருள் இதன் பெயரைக் கேட்டவர்கள் சிலரே. "வெள்ளைக்காரற்றை வருத்தம் உங்களுக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டவர்கள் பலர். நாகரிகம் கூடியதால் வந்த நோய் என்று எண்ணினார்கள் போலும்.

சோறு தின்னும் சாதிக்கு இதனால் என்ன கஷ்டம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே ஆறுதல் அடைந்தோம். ஆனால் எமது சமையலறையில் கோதுமை எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதை ஒரு வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது; பங்கீட்டில் கோதுமை மா வந்தது. எழுபதுகளில் பாணுக்கு வரிசை நின்றதை எம் பெற்றோர் மறவார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்த மக்களுக்கு, பின்னர் நிவாரணமாய்க் கிடைத்த பொதிகளிலும் அரிசி, பருப்பு, சீனியோடு கோதுமை மா இருந்தது. அந்த மாவை அவித்து, அரித்து, பிட்டாகவும் இடியப்பமாகவும் ஆக்கி உயிர் பிழைத்தவர்கள் நாம். அதை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும் பஞ்சத்துக்கு வந்த மா பஞ்சம் நீங்கிய பின்பும் போகவில்லை. யாழ்ப்பாணத்துத் தோசையில் உழுந்தோடு கோதுமை மா, இடியப்பத்தில் பாதி, கேசரியில் ரவை, பாயாசத்தில் சேமியா, கடையில் வாங்கும் பெருங்காயத் தூளிற்கூடப் பெரும்பாலும் கோதுமை மா. "டெவில்" கறிக்கு ஊற்றும் சோயா சோஸும் வழக்கமாகக் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்ததே. கொத்து ரொட்டியும் றோல்ஸும் வெளிப்படையான பகைவர். அவற்றைக் கண்டு ஒதுங்கலாம். உழுந்து என்று பெயர் சொல்லிக்கொண்டு வருபவற்றையே அறிந்துகொள்வது கடினம்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேர் இலண்டனில் ஒன்றுகூடினர். ஒருவர் பாரிசிலிருந்தும் வந்திருந்தார். இடம், அவர்களுள் ஒருவர் நடத்தும் உணவுச்சாலை. நாம் படிப்பித்தபோது அவர் பின்வாங்கில் இருந்த சிறுவன். இன்று தலை நரைத்த முதலாளி. எமது நோயை முன்கூட்டியே தொலைபேசியில் கூறியிருந்தோம். சோறும் மரக்கறிகளும் புறம்பாகச் சமைப்பித்து, தாமே கொண்டுவந்து பரிமாறினார். கூடவே உழுந்து வடையும் வந்தது. இதிலே கோதுமை உண்டோ என்று கேட்டோம்.

"ஒண்டும் இல்லை சேர். உழுந்துதானே! நம்பிச் சாப்பிடுங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. தாம் உண்மையென்று நம்பியதையே சொன்னார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து நிலக்கீழ்த் தொடருந்தில் வீடு திரும்பும் வழியில் வயிறு முறுகத் தொடங்கிற்று. இறங்கும் தரிப்பிடம் வருமுன்னரே வாந்தி. மேலங்கியையே ஏந்திப் பிடித்தோம். சனிக்கிழமை இரவு; குடிகாரன் என்று எண்ணி, எதிரே இருந்த பெண்மணி பிள்ளையை இழுத்துக்கொண்டு அப்பாற் சென்றார். எட்டாண்டு காலம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு முன் வேட்டி கசங்காமல் நின்ற எமக்கு அந்தப் பார்வை இன்றும் மறக்கவில்லை. அடுத்த மூன்று நாள் படுக்கை. அதற்குப் பின்னும் ஒரு கிழமை தலைக்குள் புகை மூடியதுபோன்ற மந்தம். எழுத எடுத்த கடிதத்தில் சொற்கள் பிடிபடவில்லை. அகப்பட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே இந்நோயின் கொடுமை. தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, அது தானாய்க் கழியும்வரை காத்திருக்கவேண்டும். அப்போது எமது வேலைத்தலத்தில் சுகயீனத்தின் முதல் மூன்று நாட்களுக்குச் சம்பளமும் கிடைக்கவில்லை.

மனைவியார் கோபத்தில் இருந்தார். நகரசபைக்கு முறையிட வேண்டும் என்றார், முறையிடவும் இடமுண்டு. நாம் வேறொன்றை எண்ணிக் கலங்கினோம். முறைப்பாடு போனால் அதிகாரிகள் வருவர். முதலாளி கணக்கர் முன்னும் சட்டத்தரணி முன்னும் உட்காருவார். ஆனால் முதலில் வேலை இழப்பவர் அடுப்படியில் நிற்பவர். எம்மவர் கடைகளின் அடுப்படியில் யார் நிற்கின்றார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று. சொல்லாமல் விடுவதோ எனில், நாளை அதே வடையை இந்நோயுள்ள ஒரு பிள்ளை தின்னும். ஆகவே சனமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாமே சென்று, சமையற்காரரோடு பேசவேண்டும் என்று மாணவரிடம் கேட்டோம். அவர் முகம் வாடிற்று. ஆயினும் உள்ளே அழைத்துச் சென்றார்.

வதிவிட அனுமதி கிடைத்துச் சில மாதங்களே ஆன ஒரு தம்பி நின்றார். எம்மைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார். வடை எப்படிச் சுடுகிறீர்கள் என்று மட்டுமே கேட்டோம்.

"உழுந்து இளகிப்போனால் ஒரு பிடி கோதுமை மா போடுறனான் சேர். இல்லாட்டி எண்ணெய் குடிச்சிடும். எங்கடை அம்மாவும் அப்பிடித்தான்." சிறிது பொறுத்து, "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

பொரிப்பதும் றோல்ஸ் பொரிக்கும் அதே எண்ணெயில். எமது வினா முன்மேசையில் முதலாளியோடு நின்றுவிட்டது. மாவைக் கையால் அள்ளியவரிடம் அது போய்ச் சேரவேயில்லை. மாணவர் குரலை உயர்த்த முற்பட்டார். நாம் அவரை அமர்த்தினோம்.

"ஒரு பிடி மாவாலை இப்பிடி வருமோ சேர்?" என்று அந்தத் தம்பி கேட்டார். பரிகாசமாக அன்று, அறியும் விருப்பத்தோடு கேட்டார். ஆகவே அடுப்படியிலேயே ஒரு பாடம் நடந்தது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளுட்டன் இருக்கும். நாளொன்றுக்கு அதன் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிகிராம், மூன்று மாதம் தொடர்ந்து உட்கொண்டாலே இந்நோயாளரின் குடல் சேதமடைவதை இத்தாலிய வைத்தியர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பிடி மா அதற்கு எத்தனை மடங்கு என்று அவரே கணக்குப் பார்த்துத் தலையசைத்தார்.

பின்பு ஒல்லாந்தின் கதையைச் சொன்னோம். இந்நோயைச் சாமுவேல் ஜீ என்ற ஆங்கில வைத்தியர் 1888இலேயே விபரித்திருந்தார். ஆனால் எந்த உணவு காரணம் என்று பல்லாண்டுகள் தெரியவில்லை. வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள், பிள்ளைகள் தேறினர். வாழைப்பழத்தின் மகிமை என்று எண்ணினர். உண்மையில் பாண் நின்றதே காரணம். ஹேக் நகரில் பிள்ளைகள் வைத்தியசாலையொன்றை நடத்திய வில்லம் டிக்கே என்பவருக்குக் கோதுமைமேல் முப்பதுகளிலேயே ஐயம் இருந்தது. 1944இன் இறுதியில் ஜேர்மானியர் மேற்கு ஒல்லாந்துக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். அந்தக் குளிர்காலத்தில் மக்கள் துலிப் பூவின் கிழங்கைத் தின்றனர். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மடிந்தனர். நாடே மெலிந்த அந்நாளில், பாண் கிடைக்காத சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினராம். விமானங்கள் பாண் போட்டு ஊர் மகிழ்ந்தபோது அவர்கள் மீண்டும் நோயுற்றனர் என்றும் சொல்வர். டிக்கே தமது முடிவுகளை ஆராய்ச்சி நூலாக 1950இல் உத்திரெக்ற் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பொருளாதாரத் தடையும் முற்றுகையும் அறிந்த அந்தத் தம்பி, வாணலியைப் பிடித்தபடி கதை முடியும்வரை அசையாமல் நின்றார். "சேர் இன்னும் வகுப்பை விடேல்லை" என்று மாணவர் சிரித்தார். நல்ல காலம், சிரித்தார்.

அன்று மூவருமாகத் தட்டிலிருந்த பொதிகளையெல்லாம் எடுத்து வாசித்தோம். பெருங்காய டப்பாவில் சிறு எழுத்தில் கோதுமை மா. சோயா சோஸ் போத்தலிலும் அவ்வாறே. இந்நாட்டில் 2014 டிசம்பர் முதல், ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களுள் எவை உணவில் உள்ளன என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது உணவுச்சாலைகளின் சட்டக் கடமை. குளுட்டன் உள்ள தானியங்கள் அவற்றுள் அடங்கும். "குளுட்டன் இல்லை" என்று சொல்லி விற்பதாயின் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. சட்டம் நல்லதுதான். ஆனால் சட்டத்தாள் ஆங்கிலத்தில் முன்மேசையில் தொங்குகிறது. மா வாளி தமிழில் பின்னால் இருக்கிறது. மாணவர் அன்றிரவே 14 பொருட்களின் பெயரையும் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன, திருத்திக் கொடுத்தோம்.

இப்போதும் அங்கே செல்கின்றோம். எமக்கெனப் புறம்பான சட்டியும் புது எண்ணெயும் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் சனம் நெருக்கும்போது தொலைபேசியில் கேட்டால், "இண்டைக்கு உறுதி சொல்ல ஏலாது சேர், வேறை நாளைக்கு வாங்கோ" என்கிறார். முன்பு எமக்கு இட்ட வடையைவிட இந்தச் சொல்லையே நாம் பெரிய உபசாரமாக எண்ணுகின்றோம். எம்மவர் கடைகளில் "தெரியாது" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றொரு எண்ணம் இருக்கிறது. தெரியாதென்று சொன்ன கடையில் நாம் ஒருபோதும் நோயுற்றதில்லை. அந்தத் தம்பியும் அதே அடுப்படியில்தான் நிற்கிறார். இப்போது வடைக்கு அரிசி மா போடுகிறார். சற்றுக் கடினமாகத்தான் வருகிறது. அதை அவரிடம் நாம் சொல்லவில்லை.

வீடுகளுக்குப் போவது இன்னும் கடினம். "ஒருநாள் தின்றால் ஒன்றும் செய்யாது" என்று அன்போடு வற்புறுத்தும் மூத்தோருக்குச் சட்டம் காட்ட முடியாது. கலியாண வீடுகளில் வாழைப்பழமும் தேநீருமே எமது பந்தி.

வாசகர்களுக்கு ஒன்று. காரணம் பிடிபடாத குருதிச்சோகையோ, நெடுநாள் வயிற்றோட்டமோ, பிள்ளைகள் வளராமையோ இருப்பின், குடும்ப வைத்தியரிடம் சீலியாக் பரிசோதனையைக் கேளுங்கள். முதலிற் குருதியில் பிறபொருளெதிரியைப் பார்ப்பர். தேவைப்பட்டால் வாய்வழியே குழாய் இறக்கிக் குடலில் சிறு துணுக்கு எடுப்பர். சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தவேண்டாம். நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் ஒளிந்துகொள்ளும். ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும் இருக்கக்கூடும். எமது தம்பியர் இருவருக்கும் இல்லை. ஜேர்மனியிலுள்ள தங்கைக்கு இருந்தது. இருபது வருடமாக இரும்புக் குளிகை விழுங்கி, "என்ரை உடம்பு அப்பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறாள். உரலில் இடித்த அரிசி மா இலண்டனில் எந்தக் கடையில் கிடைக்கும், தபாலில் அனுப்ப எவ்வளவு முடியும் என்பதே பேச்சு.