இரண்டு சிவப்பு, ஒரு நீலம்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் ஒரு மொட்டை மாடி. தூரத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் நெருப்பு எரிகிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பழைய பலகையும் கம்பிவலையும் வைத்து அடித்த புறாக்கூண்டு. அதன் முன் ஒரு பெரியவர் குந்தியிருக்கிறார், பக்கத்தில் பேரன். துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் நான்.

“இன்னா தாத்தா, ஆணும் செவப்பு, பொட்டையும் செவப்பு. குஞ்சு மட்டும் எப்படி நீலமா கீது? வேற ஆணோட சேந்துடுச்சா?”

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. ஆண் புறாவை இரு கையாலும் பதமாக அள்ளுகிறார். அது ஒருமுறை சிலிர்த்து அடங்குகிறது. கட்டைவிரலால் இறக்கையை மெல்லப் பிரிக்கிறார். வெளிறிய இறகுகளின் மேல் அங்கங்கே கரும்புள்ளிகள்.

“இங்க் தெளிச்ச மாதிரி கீது பாரு. இவனோட அப்பன் நீலம்டா. இத்தினி நாளா உள்ளயே வச்சிருந்தான், இப்போ குட்த்துட்டான். பொட்டை மேல சந்தேகப்படாத. அந்தக் குஞ்சும் பொட்டைதான், வளந்தா பாரு.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. புறாவின் அடிப்படை நிறத்துக்கான மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். சிவப்பு ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு. அதனால் ஆண் புறா நீலத்தைச் சிவப்புக்கு அடியில் ஒளித்துவைக்க முடியும். அந்தப் புள்ளிகள்தான் அதற்கு அடையாளம். பெண்ணால் ஒளிக்க முடியாது. மகனுக்குத் தாயின் சிவப்பு கட்டாயம் வந்துவிடும். மகளுக்கோ தகப்பன் தரும் ஒற்றை இசட்தான். அதில் நீலம் இருந்தால் அவள் நீலம். சிவப்பு ஜோடிக்குப் பிறக்கும் நீலக்குஞ்சு பொட்டை என்று பெரியவர் அடித்துச் சொன்னது இதனால்தான்.

புறா வளர்த்தே ஆராய்ந்தவர் டார்வின். 1859இல் வந்த அவர் நூலின் முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகப் புறாக்கள். ஆனாலும் பண்பு எப்படி மறைந்து திரும்புகிறது என்ற கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. 1866இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு அதை எழுதியவர் மெண்டல். ஊதாப் பூ, வெள்ளைப் பூச் செடிகளைக் கலந்தபோது முதல் தலைமுறையில் வெள்ளை காணாமல் போனது. அடுத்ததில் 705 ஊதா, 224 வெள்ளை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. வெள்ளை அழியவில்லை, காத்திருந்தது. 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை.

கீழ்வீட்டிலிருந்து யாரோ பேசுவது கேட்கிறது: “இதையும் பொண்ணாவே பெத்துட்டாளே.”

பேரன் குஞ்சுக்குக் கம்பு வைக்கிறான்.

புறாவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் முட்டையில் முடிவாகிறது. மனிதரில் அப்படியில்லை. தாய் தருவது எப்போதும் எக்ஸ்தான். எக்ஸா ஒய்யா என்பது தகப்பனின் விந்தணுவில் இருக்கிறது. பெற்றவளைக் குறைசொல்ல அறிவியலில் இடமே இல்லை.