கொடி இருக்கு, ஏரி இருக்கு!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு காலண்டர்.

நாமக்கல்லில் என் நண்பர் வேலை பார்க்கிற ஆபீஸில் (பெயர் வேண்டாம், வேலை அவருக்குத் தேவைப்படுகிறது) அவருடைய கவுன்ட்டருக்கு எதிர்ச் சுவரில் அது தொங்குகிறது. நீல ஏரி. கரை முழுக்கத் திராட்சைத் தோட்டம். கீழே பொடி எழுத்தில் 'கார்டா ஏரி, இத்தாலி'. அதன் கிழக்குக் கரையில் பார்தோலினோ என்று ஓர் ஊர். ஊர் பெயரிலேயே ஒயின் வேறு. காலையிலிருந்து அடுத்தவன் பணத்தை எண்ணிக்கொண்டே இதைப் பார்த்தால் எந்த கேஷியருக்குத்தான் பித்துப் பிடிக்காது?

"மாப்ளே... ஏரிக்கரை, ஒயின், நாம ரெண்டு பேரு. சாகறதுக்குள்ள ஒரு தடவை போயிடணும்டா!"

நான் பி.காம். உடனே பட்ஜெட் போட்டேன். இத்தாலி என்றால் பி.எஃப். பணத்தோடு அவர் மனைவியின் வளையலையும் சேர்த்தாலும் ஒருவழி டிக்கெட்தான் தேறும். நாசிக்? கங்காபூர் அணைத் தண்ணீர், பக்கத்திலேயே திராட்சைத் தோட்டம், ஒயின்... அச்சு அசல் காலண்டர். ஆனால் நாலு நாள் லீவு வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு? அங்கே விளைகிற பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பைக்கில் போய்த் திரும்புகிற தூரமா அது? மிச்சமிருந்தது, மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிற கொல்லிமலை.

"அங்கே ஒயின் ஏது?" என்றேன்.

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதமாக கேஷியர் குடிப்பதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் கல்லீரல் கணக்கு டேலி ஆகவில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருந்தார். கிளம்பும்போது அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணா, நீங்க கூடப் போறீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்பறேன்" என்றார். பைக் பாக்ஸில் துண்டு சுற்றிய ஒரு முழு பாட்டில் படுத்திருப்பது அப்போதே எனக்குத் தெரியும். "சரிம்மா" என்று தலையாட்டினேன். அதில் பாதி என் பங்கு. என் யோக்கியதை அவ்வளவுதான்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. பின்னால் உட்கார்ந்திருந்த கேஷியர் நோட்டு எண்ணுகிற மாதிரியே எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பதுக்கு மேல் காற்று குளிர்ந்தது. அறுபதில் காது அடைத்தது.

மேலே போனதும் மனுஷன் துள்ளிக் குதித்தார். "பார்றா, கொடி!"

சில்வர் ஓக் மரங்கள் மேல் சரசரவென்று ஏறியிருந்தது மிளகுக் கொடி. கீழே நிழலில் காபிச் செடி. திராட்சை இல்லையென்றால் என்ன, கொடி கொடிதானே!

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த வேட்டையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நான் விளக்கிச் சொன்னதும் கேஷியர் அண்ணாந்து பார்த்தார். "நானும்தான் ஒரே சம்பளத்துல வாடகை, பால், ஸ்கூல் பீஸ், சீட்டு, எல்.ஐ.சி. அஞ்சையும் அடிக்கிறேன். எனக்கு எவன் சிலை வெக்கிறான்?"

வாசலூர்ப்பட்டி படகுத் துறைக்குப் போனோம். இதை ஏரி என்றால் கார்டா ஏரி மானநஷ்ட வழக்குப் போடும். ஆனாலும் தண்ணீர் இருந்தது, சுற்றிலும் பச்சை மலை இருந்தது, பெடல் படகும் இருந்தது. கரையேறியதும் அவர் பாக்ஸைத் திறந்து துண்டை எடுத்தார். என் வாயில், "அருவியைப் பார்த்துட்டு வந்துடலாமே" என்று வந்தது. தடுத்தேன் என்று நினைக்காதீர்கள். தள்ளிப்போட்டேன். அரசாங்க ஆபீஸில்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துச் சொச்சம் படிகள். இறங்கும்போது ஜாலி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிற தண்ணீரில் நனைந்ததும் ஜாலி. ஏறும்போதுதான் தெரிந்தது. இருபது படிக்கு ஒரு தரம் கேஷியர் உட்கார்ந்தார். முகம் சாம்பல். வலது விலாவுக்குக் கீழே கை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தப் படிகளில் இவரைத் தூக்கிக்கொண்டு எப்படி ஏறுவது, அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

"மாப்ளே... டாக்டர் சொன்னதை அவகிட்ட பாதிதான் சொன்னேன்."

"மீதி?"

"ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்காம். இப்ப நிறுத்தினா அதோட நிக்கலாமாம். நிறுத்தலேன்னா..."

பாக்கியைச் சொல்லவில்லை. அடுத்த படி ஏறினார்.

பசி. விசாரித்துக்கொண்டே எடப்புளி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்த மலையில் இப்படி 14 'நாடு' இருக்கின்றன, விசா வேண்டாம். ஒரு வீட்டு வாசலில் அன்னாசி குவித்து வைத்திருந்தார் ஒரு பாட்டி. இங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்று எங்கோ படித்திருந்த கேஷியர், "சுகந்தன்னே?" என்றார்.

"என்ன சாமி சொல்றே? தமிழ்ல பேசு" என்றார் பாட்டி.

மலையை ஆள்கிறவர் மலையாளி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை. கேஷியர் அசடு வழிந்ததில் பாட்டிக்கு எங்கள் மேல் இரக்கம் வந்து, சாமைச் சோறும் கீரையும் போட்டார்.

"இப்பவும் சாமை போடறீங்களா பாட்டி?"

"வீட்டுக்கு மட்டும் கொஞ்சூண்டு. பாக்கியெல்லாம் குச்சிக்கிழங்குதான்."

இது என் சப்ஜெக்ட். கிழங்கு பத்து மாதம் நிலத்தில் கிடந்து, லாரி ஏறி, கீழே ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அதை விற்றுக் கொடுக்கச் சேலத்தில் 1981-லிருந்து 'சேகோசர்வ்' என்று கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. சாமைக்கு அந்த வரும்படி கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டு, உமி நீக்கும் மெஷின்கூடக் கொண்டுவந்தது. இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது பாட்டி குறுக்கே வந்தார்.

"சாமை குத்தறதுக்குள்ள கை விட்டுப்போகும் சாமி, நெசந்தான். ஆனா குதிர்ல கெடந்தா அது என்னுது. கெழங்கு காசு ஆம்பளை கையில வருது. அப்புறம் எங்கே போச்சுன்னு கேக்கக்கூடாது. சாமையைக் கொண்டுபோய்க் குடுத்தா எவனாச்சும் பிராந்தி தருவானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேஷியர் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

இறக்கத்தில் நான்தான் ஓட்டினேன். ரெண்டாவது கியரை விட்டு மாறவில்லை. இஞ்சினைப் பிடித்துக்கொள்ள விடாமல் பிரேக்கையே நம்பி இறங்கினால், சூடேறிக் கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. முன்னால் கிழங்கு லாரி ஒன்று முனகிக்கொண்டே போனது. நாற்பத்தி மூன்றாவது வளைவில், "நிறுத்து" என்றார்.

பாட்டிலை எடுத்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். பள்ளத்தில் எறியப் போகிறார் என்று நினைத்தேன். சினிமா நிறையப் பார்த்ததன் கோளாறு.

"கீழே குரங்கு இருக்கும்டா" என்று சொல்லிவிட்டு என் பைக்குள் திணித்தார். "நீ வெச்சுக்கோ. என் வீட்டுக்கு வேணாம்."

"எனக்கெதுக்கு?"

"உனக்கு ஈரல் நல்லாத்தானே இருக்கு?"

வீட்டில் அந்தப் பையைத் திறந்தது நான் இல்லை. துணி துவைக்க எடுத்த என் மனைவி. "கொல்லிமலை மூலிகையா?" என்று கேட்டு, பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவே வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். நம்பும்படியாகவா இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து கேஷியர் வீட்டிலிருந்து போன். என் மனைவிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, இவரு தொடவே இல்லீங்களாம். எல்லாத்துக்கும் நீங்கதான் காரணமாம். ரொம்ப நன்றிங்கண்ணா!"

என் மனைவி பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.