சூட்டுக் குழாயும் சுற்றுப் பாதையும்

இன்ஜினைப் பற்றி ஒரு தலித் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். பறை, கூத்து, குலசாமி, பஞ்சமி நிலம் பற்றியெல்லாம் எழுதினால் அது தலித் எழுத்து. ஸ்பேனர் பிடிக்கிற கையைப் பற்றி எழுதினால் அது மெக்கானிக் சமாச்சாரம். இப்படி நாமே ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். ஆனால் நம் சேரிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக லாரிக் கிளீனராக, டிரைவராக, வெல்டராக, ஷெட்டுப் பையனாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். செத்த மாட்டையும் சாவு மேளத்தையும் விட்டு வெளியேற நினைத்தவனுக்கு மோட்டார் ஒரு கதவாக இருந்தது. இன்ன சாதிதான் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கதவு வழியாகப் போனவர்கள் தேடி வைத்திருக்கிற அறிவைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் அமைப்புக்கு ஒரு பழைய கார் உண்டு. வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியப் போகும்போது அதில்தான் போவோம். போன வருஷம் அதில் கூலண்ட் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே சொட்டின அடையாளம் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினோம். த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, எங்கள் அமைப்பின் மூன்று மாதச் செலவுக்கு ஆகிற ஒரு தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அது செட்டாத்தான் சார் வரும்" என்பதுதான் பதில்.

திண்டிவனம் பக்கம் ஷெட் வைத்திருக்கிற என் பெரியப்பா மகனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். பானெட்டைத் திறந்ததும் அவர் எதையும் கழற்றவில்லை. இன்ஜின் ஆறட்டும் என்று அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். மூடியின் அழுத்தத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். திறந்த மாத்திரத்தில் பொங்கிச் சீறும். அவருடைய இடது முழங்கையில் அதற்கான தழும்பு இருக்கிறது. பன்னிரண்டு வயசில், வேறொருவர் ஷெட்டில், முதலாளி அவசரப்படுத்தி வந்த தழும்பு.

ஆறினபிறகு விரலால் தடவிக் காட்டினார். த்ராட்டில் பாடியில் விரல் பருமனுக்கு இரண்டு ரப்பர் ஓஸ் சொருகியிருந்தது. ஒன்றில் இன்ஜினின் சுடுதண்ணீர் வருகிறது, இன்னொன்றில் திரும்பிப் போகிறது. ஓஸ் சொருகுகிற மூக்கு அரித்துப் போயிருந்தது. ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. கூலண்ட் வாங்கக் காசில்லாத காலத்தில் யாரோ போரிங் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உப்பு அலுமினியத்தைத் தின்றுவிட்டது. கசிகிற சொட்டு இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரையில் தடயம் இல்லை. இப்படியே விட்டால் ஒருநாள் தண்ணீர் வற்றி, இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய் நடுரோட்டில் நின்றிருப்போம். நாங்கள் போகிற ஊர்களில் நடுரோட்டில் நிற்பது என்பது என்ன என்று இந்த இதழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இந்தத் தண்ணி இன்னாத்துக்கு இங்க வருது, தெரியுமா தம்பி?" என்றார் அண்ணன். தெரியாது என்றேன். தமிழ் எம்.ஏ.வில் இதற்குப் பாடம் இல்லை.

இன்ஜின் மூச்சு இழுக்கிற தொண்டைதான் த்ராட்டில் பாடி. உள்ளே ஒரு தகடு திறந்து மூடும். வண்டி நின்று ஓடும்போது தகடு ஏறக்குறைய மூடியிருக்க, காற்று சின்ன இடுக்கு வழியாக வேகமாகப் பாய்கிறது. அப்படிப் பாயும்போது அழுத்தம் குறைந்து அந்த இடம் குளிர்கிறது. பனிக்கட்டி உறைகிற தேசங்களில், காற்றில் ஈரமும் இருந்தால், தகட்டின் விளிம்பில் ஐஸ் கட்டும். தகடு சிக்கிக்கொண்டால் வண்டி நிற்கும், அல்லது கால் எடுத்தும் வேகம் குறையாமல் ஓடும். அதைத் தடுக்கத்தான் இன்ஜின் சுடுதண்ணீரைச் சுற்றிவிட்டு அந்த இடத்தைச் சூடாக வைக்கிறார்கள். "பனி பெய்ற ஊருக்கு வச்ச சூடு. திண்டிவனத்து வெயிலுக்கு எதுக்கு இது?" என்றார்.

இரண்டு ஓஸையும் பிடுங்கி, ஒரு பித்தளைத் துண்டுக் குழாயின் இரு முனையில் சொருகி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். தண்ணீர் இப்போது த்ராட்டில் பக்கம் போகாமல் நேராகத் திரும்பிவிடும். புதுக் கூலண்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே மாட்டின காற்றை வெளியேற்றி மூடினார். கீழே சிந்தினதைச் சாக்கால் ஒற்றித் தண்ணீர் விட்டுக் கழுவினார். கூலண்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அப்போது ஷெட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி. "கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருப்பான்? அதப்போய் புடுங்குறியே" என்றார். இன்னொருவன் காரை வேகமாக ஓட்டுகிற இளவட்டம். அந்தச் சூடு இல்லாவிட்டால் காற்று குளிர்ச்சியாகப் போகும், வண்டிக்குப் பவர் கூடும், எனக்கும் பண்ணிவிடுங்கள் என்றான்.

அண்ணன் இரண்டு பேருக்கும் பதில் சொன்னார். அதிகாரியிடம், "சும்மா வைக்கல சார். காரணத்தோடதான் வச்சான். காரணம் இந்த ஊர்ல இல்ல, அவ்ளோதான். ஊட்டிக்கு மார்கழி ராத்திரியில போற வண்டின்னா நானே இதத் தொடமாட்டேன்" என்றார். இளவட்டத்திடம், "காத்து அந்தத் தொண்டைய கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள தாண்டிப் போயிடும். எங்க சூடாகறது? உன் காசு வீண். உனக்கு ஓஸ் நல்லா இருக்குது, அப்படியே உடு" என்றார். பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று மூன்று டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஒரு சதவீதம் கூடும். இந்தக் குழாயால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வந்தாலே அதிகம். ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். சில பழைய வண்டிகளில் அந்தச் சுடுதண்ணீருக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. உள்ளே மெழுகு வைத்த ஒரு வால்வு இருக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் காற்று விடும். தண்ணீர் சூடாகி மெழுகு விரிந்தால் தானாக மூடிக்கொள்ளும். அந்த வண்டியில் குழாயைப் பிடுங்கினால் வால்வு மூடாது, ஐட்லிங் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். ஆக, பிடுங்குவதற்கு முன்னால் அது எதற்கு இருக்கிறது என்று வண்டிக்கு வண்டி கேட்க வேண்டும்.

இதைத்தான் நான் அறிவு என்கிறேன். இருப்பதெல்லாம் புனிதம் என்று கும்பிடவும் இல்லை, எவனோ சொன்னான் என்று பிடுங்கி எறியவும் இல்லை. ஏன் என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, இடத்துக்குத் தகுந்தபடி முடிவு செய்கிறார். அந்த அதிகாரி சொன்ன வாக்கியத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். "பெரியவங்க சும்மாவா வச்சிட்டுப் போயிருப்பாங்க?" கோயிலுக்குள் ஏன் விடவில்லை என்றாலும், தேர் ஏன் சேரிக்கு வராது என்றாலும் இதே பதில்தான். குழாய்க்காவது ஏதோ ஒரு தேசத்தில் ஒரு காரணம் இருக்கிறது. தனி டம்ளருக்கு எந்தக் குளிர்தேசத்தில் காரணம் இருக்கிறது? (அதே அதிகாரி வேலை முடிகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். பையன் கொண்டுவந்த தண்ணீரை வாங்கவில்லை. தாகம் இல்லையாம். சித்திரை மாசம்.)

அண்ணன் செய்த வேலைக்கு ஷெட்டில் பெயர் பைபாஸ். நமக்கும் ஒரு பைபாஸ் உண்டு. சேரியில் சாவு விழுந்தால் பாடை ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது. வரப்பில், வாய்க்காலில், முட்காட்டில் சுற்றிப் போக வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட்டதால், நம் ஆளின் உடம்பைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். படம் ஊரெல்லாம் பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம், சுடுகாட்டையும் பொதுப் பாதையையும் தடுப்பதைக் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் அமலுக்கு வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தக் கயிறு.

குழாயைச் சுற்றிவிட்டால் வண்டி நன்றாக ஓடுகிறது. பிணத்தைச் சுற்றிவிட்டால் யாருக்கு என்ன நன்றாகிறது? தெரு தேய்ந்துவிடுமா? எந்த ஊரிலும் இதற்குப் பதில் வாங்கியதில்லை. "வழக்கம்" என்பார்கள். எங்கள் அண்ணன் ஷெட்டில் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கைத்தொழில் அறிவைப் புகழ்கிறவர்கள் எல்லாம் நம் கட்சி இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் கைத்தொழிலைப் புகழ்ந்துதான் வந்தது. பாதிநாள் பள்ளிக்கூடம், மீதிநாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது ஒழிந்தது. ஆனால் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பதினான்கு வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு கையால் எழுதி, பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம் என்று மறுகையால் சந்து விட்டார்கள். குடும்பத் தொழில் என்றால் இந்த நாட்டில் என்ன அர்த்தம்? யார் குடும்பத்துக்கு எந்தத் தொழில்?

அண்ணனின் முழங்கைத் தழும்பைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அவர் எட்டாவதோடு நின்றது அவருடைய பெருமை இல்லை, இந்தச் சமூகம் அவருக்குச் செய்த திருட்டு. அவர் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு ஷெட்டுக்கு வந்தால் அண்ணன் விரட்டிவிடுகிறார். "பாலிடெக்னிக் முடிச்சிட்டு வா. அப்புறம் நீ எனக்குச் சொல்லிக்குடு" என்கிறார். பையன் கேட்பதாக இல்லை. அன்றைக்கும் வாசலில் புத்தகப் பையோடு நின்று, அந்தப் பித்தளைக் குழாயைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். "இரும்பு போட்டா துருப்புடிக்கும், சரி. பிளாஸ்டிக் ஏம்ப்பா போடல?"

அவனுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு அடுத்த ஊரிலிருந்து போன் வந்தது. கிளம்பிவிட்டோம்.