பத்தியும் பழியும்

தன்னைப் பற்றி எழுதுகிறவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, ‘இதெல்லாம் உண்மையா?’ என்பதுதான். எழுதியவர் பெண்ணாக இருந்துவிட்டால் கற்பனைக் கதைக்கும் இதே விசாரணைதான். இந்தக் கேள்வியை வாழ்நாளில் பெரும்பகுதி சுமந்து திரிந்தவர், மலையாளத்தில் மாதவிக்குட்டி என்றும் ஆங்கிலத்தில் கமலாதாஸ் என்றும் கடைசிப் பத்தாண்டுகளில் கமலா சுரையா என்றும் அறியப்பட்ட எழுத்தாளர்.

1934 இல் மலபாரின் புன்னயூர்க்குளத்தில் பிறந்தவர். தாய் நாலப்பாட்டு பாலாமணியம்மா புகழ்பெற்ற கவிஞர். தந்தை வி. எம். நாயர் மாத்ருபூமி பத்திரிகையின் நிர்வாகத்தில் இருந்தவர். பதினைந்து வயதில் ரிசேர்வ் வங்கி அதிகாரி மாதவதாஸுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். பட்டம் எதுவும் பெறவில்லை. வீடு உறங்கிய பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதித்தான் அவர் எழுத்தாளரானார்.

1972 இல் ‘மலையாளநாடு’ வார இதழில் ‘என்டெ கதா’ தொடராக வரத் தொடங்கியது. சிறு வயதுத் திருமணம், மனம் ஒட்டாத தாம்பத்தியம், அதற்கு வெளியே தேடிய அன்பு என்று, குடும்பங்கள் மூடிவைக்கும் எல்லாவற்றையும் எழுதினார். தொடரை நிறுத்த அவரது குடும்பத்தார் முயன்றனர். அவர் நிறுத்தவில்லை. மறு ஆண்டு அது நூலாகியது. பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது.

இது வாராவாரம் வந்த எழுத்து என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நூலென்றால் படித்து மூடிவைத்துவிடலாம். தொடர் அப்படியல்ல. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையிலுள்ள நாட்களில் வாசகன் பக்கத்து வீட்டுக்காரனாகிவிடுகிறான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறான். தீர்ப்பும் எழுதி முடிக்கிறான். அடுத்த வாரம் எழுத்தாளர் என்ன சொன்னாலும் அந்தத் தீர்ப்பு மாறுவதில்லை.

எல்லாம் நடந்தவையே என்று ஒருமுறை சொன்னார். பாதி கற்பனை என்று இன்னொருமுறை சொன்னார். முன்னுக்குப் பின் முரண் என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. கேட்பவன் அறிந்துகொள்ளக் கேட்கவில்லை, தண்டிக்கக் கேட்கிறான் என்று தெரிந்த பிறகு, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல யாருக்குக் கடமை?

பிற்காலத்தில் பத்திரிகைகளில் பெண்கள் விவகாரம், பிள்ளை வளர்ப்பு, அரசியல் என்று பத்திகள் எழுதினார். நம் நாடுகளில் கவிதை விலைபோகாது என்பதை ஒளிக்காமல் சொன்னவர். 1984 இல் திருவனந்தபுரத்தில் பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். ஆங்கிலக் கவிதைகளுக்காக 1985 இல் சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது.

நமக்கும் அவர் அந்நியரல்லர். எண்பதுகளின் தொடக்கத்தில் கணவரின் பணி நிமித்தம் கொழும்பில் வாழ்ந்தார். 83 ஜூலையின் புகையையும் அச்சத்தையும் கவிதைகளாக்கினார். தன்னைத் தவிர வேறொன்றையும் எழுதத் தெரியாதவர் என்பவர்கள் அந்தக் கொழும்புக் கவிதைகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

1999 டிசம்பரில், அறுபத்தைந்தாவது வயதில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். கேரளத்தில் நேற்றுவரை அவரைக் கொண்டாடியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். நேற்றுவரை முகம் சுளித்தவர்களில் சிலர் கொண்டாடினார்கள். அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டிருந்த பையன். எங்கள் ஊர் வாசிகசாலையில் அச்செய்தியைப் பெருமையோடு பேசினார்கள். அவரது ஒரு வரியையாவது படித்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவருமில்லை. ஏசியவர்களுக்கும் வாழ்த்தியவர்களுக்கும் அவருடைய எழுத்து தேவைப்படவில்லை. அவர் எந்தப் பக்கம் என்பதே போதுமாயிருந்தது.

என் பழைய மாணவி ஒருத்தி, கணவன் வெளிநாட்டில் உழைக்க, தனித்திருக்கும் பெண்ணொருத்தியின் இரவுகளைப் பற்றிப் பத்திரிகை ஒன்றில் சிறுகதை எழுதினாள். ‘இது யார் வீட்டுச் சங்கதி?’ என்று ஊர் கேட்டது. அவளுடைய நானாவும் கேட்டார். “சேர், நான் கதைதானே எழுதின?” என்று என்னிடம் வந்து நின்றாள். அக்கதையின் நடையைப் பற்றியோ அப்பெண்ணின் துயரைப் பற்றியோ எவரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. கமலாவுக்கு இருந்த துணிச்சலை எல்லாப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. வாசகர்களாகிய நாம் சற்றுத் திருந்தினால், அத்தனை துணிச்சல் அவர்களுக்குத் தேவைப்படவும் மாட்டாது.

2009 மே 31 இல் பூனா நகரில் காலமான கமலா சுரையாவின் ஜனாஸா திருவனந்தபுரம் பாளையம் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கப்பட்டது. 2018 இல் அவரது வாழ்க்கை ‘ஆமி’ என்ற திரைப்படமானபோதும் சர்ச்சை விடவில்லை. வாழ்க்கையைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்தவர்கள், இனியாவது அவருடைய கதைகளைப் படிக்கலாம்.