ஒப்புக்குச் சப்பாணி

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மூன்றாம் வகுப்புத் தங்கைகளுக்கு விளையாட்டு. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைச் சிஸ்டர் இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்கோ ஒரே பெருமை! விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

வந்திருந்தவர்கள் 15 பேர். கபடிக்கு அணிக்கு 7 பேர். இரு தலைவியரை நிறுத்தி, "வேண்டியவங்களை மாறி மாறிக் கூப்பிடுங்க" என்றேன். நன்றாக ஓடுகிறவர்கள் முதலில் போனார்கள். பிறகு தலைவியரின் தோழிகள். கடைசியில் ஒரு சிறுமி மட்டும் நின்றாள். "நீ ஒப்புக்குச் சப்பாணி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே இருந்துவிட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அதே வயிற்றுவலி.

பனவடலிசத்திரத்தில் எங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "ஏட்டி, ஒனக்கு உத்தி பிரிக்கத் தெரியாதா?" என்றார்கள். சம பலமுள்ள இருவர் ஜோடியாகத் தள்ளிப் போய், 'பனை', 'புளி' என்று ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வார்களாம். திரும்பி வந்து, "பனை வேணுமா, புளி வேணுமா?" என்று தலைவியிடம் கேட்பார்களாம். எது யார் பெயர் என்று தலைவிக்குத் தெரியாது. கேட்ட பெயர்க்காரி அவள் பக்கம், மற்றவள் எதிர்ப்பக்கம். இரு பக்கமும் பலம் சமமாகிவிடும். ஒருத்தியின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்க வழியே இல்லை. 2014-இல் தொடங்கிய புரோ கபடியில் வீரர்களை ஏலம் எடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை.

மறு வெள்ளிக்கிழமை அந்தச் சிறுமியிடம் போய், "அக்கா சொன்னது தப்பு, விளையாட வா" என்றேன். தலையைத் தூக்காமலே, "எனக்கு யாரு ஜோடி?" என்று கேட்டாள். அது உண்மைதான். தலைவியர் இருவர் போக 13 பேர். ஆறு ஜோடி சேர்ந்தால் ஒருத்தி மிஞ்சத்தானே செய்வாள்?

"நான்தான்" என்றேன்.

மைதானத்தில் ஒரே கூச்சல். "அக்கா பெரியவங்க! சம பலம் இல்லை!" நியாயமான கேள்வி. நான் ஒற்றைக் காலில் நொண்டித்தான் ஆடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அணிக்கு எட்டுப் பேரானதைச் சிஸ்டர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனோம். நெடுநேரம் யோசித்து, தனக்குச் சிங்கம் என்றும் எனக்கு எலி என்றும் அவளே பெயர் வைத்தாள். திரும்பி வந்து, "சிங்கம் வேணுமா, எலி வேணுமா?" என்று உரக்கக் கேட்டாள்.

"சிங்கம்! சிங்கம்!" என்று தலைவி கத்தினாள்.

அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! எலி நொண்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனது.