செஞ்சி மலையில் இரு பெயர்கள்

சென்ற தைத் திங்களில் எம் பங்கின் மாணவர் சிலருடன் செஞ்சிக்குச் சென்றிருந்தேன். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைத்து நிற்கும் கோட்டை அது. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம் பெற்றது.

இராஜகிரியின் அடிவாரத்தில், பாறை இடுக்கொன்றில், கறுப்பும் வெள்ளையுமான முள்ளொன்றைக் கண்டெடுத்த சிறுவன், “சாமி, இது பன்றியின் முள்தானே?” என்று கேட்டான்.

பெயர் செய்த பிழை அது. முள்ளம்பன்றி, பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. எலிக்கும் அணிலுக்கும் உறவான கொறிக்கும் விலங்கு. ஓயாது வளரும் அதன் முன்பற்களே சான்று. முள் என்பதும் தடித்த மயிரே. பகைவர்மீது அதனை அம்புபோல் எய்யும் என்பது வெறும் கட்டுக்கதை.

செஞ்சியை அடுத்த பக்கமலைக் காட்டிலோ, இவ்வாறே நம்மை மயக்கும் தாவரமொன்று வளர்கிறது. பார்வைக்குச் சிறு பனை, ஆயினும் பனையன்று. நாட்டு மருந்துக் கடைகளில் ‘மதனகாமப்பூ’ என்று விற்கப்படுவது இதன் ஆண் கூம்பே. உண்மையில் இதற்குப் பூவே இல்லை! பூக்கும் தாவரங்கள் தோன்றுமுன்பே உலகில் வாழ்ந்த சைக்கஸ் குலத்தைச் சேர்ந்தது இது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘சைக்கஸ் சர்சினாலிஸ்’ என்று பெயரிட்டார்.

பெயர் மயக்கத்தில் ஒத்த இவ்விரண்டும் வாழ்வின் நிலையில் வேறுபடுகின்றன. முள்ளம்பன்றி மேற்காசியா முதல் இலங்கை வரை பரவியுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், கவலை மிகக் குறைந்த இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது.

சைக்கஸோ, இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதே பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தம் உதிருமுன் ஆண் கூம்பை அறுத்துவிட்டால், பெண் மரம் கருவுற்ற விதையின்றி நிற்கும். வளர்ச்சியும் மிக மெதுவானது. மேலும், அலங்காரத்திற்கென மடல்களையும் வெட்டுகின்றனர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, ஓடி ஒளியத் தெரிந்த விலங்கைச் சட்டமும் காக்கிறது; தன்னைக் காக்க முள்ளும் உண்டு. நின்ற இடத்திலேயே நிற்கும் மரத்திற்கு நம் கைகளின் அடக்கமே காவல். அடுத்த திருவிழாவிற்குப் பந்தல் அமைக்கும்போது, காட்டு மடல்களை விடுத்துத் தென்னங்குருத்தைத் தேடுவோம். மருந்துக் கடையில் ‘பூ’ என்று நீட்டினால், ஒரு கணம் தயங்குவோம்.

முள்ளைச் சிறுவன் பாறையிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.